ஹாலுக்கு மட்டும்

என் மனைவியை ஏழாம் மாதம் அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்த அன்று, அவள் ஒரு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். அவள் விடவில்லை, நான்தான் வெட்டினேன். எனக்கு எதிலும் அவசரம். சோறு ஆறக்கூடப் பொறுக்கமாட்டேன், வாயைச் சுட்டுக்கொண்டு தின்பவன். அந்தப் பாதிப் பேச்சை வைத்துக்கொண்டு ஏழு மாதம் தனியாகக் குடித்தனம் நடத்தினேன்.

எண்பதுகளின் நடுவில், தை கடைசி. அரூர் பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி வண்டி நின்றிருந்தது. வளையல் போட்டு அழைத்துப்போக வந்திருந்த மாமியாரும் மற்ற பெண்களும் முன்னால் ஏறி இடம் பிடித்துவிட்டார்கள். இவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள். கை நிறையக் கண்ணாடி வளையல்.

"என்னங்க, வூட்டுக்குக் கலர் அடிச்சி வைங்க. நான் திரும்பி வர்றப்ப இந்தச் சாம்பச் சுவரு இருக்கக் கூடாது. ரூமுக்கு, சமையக்கட்டுக்கெல்லாம் வெள்ளையே போதும். ஹாலுக்கு மட்டும்…"

"சரி சரி, எல்லாம் பாத்துக்கலாம். ஏறு, ஏறு. வண்டி எடுக்கப் போறான்."

ஏறினாள். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தேன். வேகமாக நடந்து ஆபீசுக்குப் போய்விட்டேன்.

வீடு என்றால் பெரிய வீடில்லை. ஊரைத் தாண்டி, திருவண்ணாமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. சிமென்ட் பூசியதோடு நின்றிருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் சொச்சம்தான், அதில் இந்த வீட்டில் இருந்தது எட்டு மாதம். என் அம்மா இல்லை. அப்பா பொம்மிடி பக்கத்துக் கிராமத்தில் அண்ணனோடு இருந்தார். ஆகவே அவள் போனதும் அந்தச் சாம்பல் நிறச் சுவர்களும் நானும்தான்.

பூசாத வீட்டைவிடப் பூசிக் கலர் அடிக்காத வீடு மோசம். எதைச் சொன்னாலும் எதிரொலிக்கும். டம்ளரைக் கீழே வைத்தால் ரூமில் யாரோ இன்னொரு டம்ளரை வைக்கிற மாதிரிக் கேட்கும். முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் பூட்டைத் திறந்துகொண்டே, பழக்க தோஷத்தில், "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என் குரலே எனக்குத் திரும்ப வந்தது. யாராவது கேட்டிருப்பார்களோ என்று கூச்சமாகப் போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா மட்டும் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தாலும் கேட்காத மாதிரி இருக்கத் தெரிந்தவர்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியாது. தினமும் மிஞ்சும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிக் காலையில் தின்பேன். அவள் இருந்தபோது சாப்பிட்டு முடித்ததும் தட்டிலேயே கை கழுவிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவள் எதிரில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். அதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை. இப்போது நான் தனியாகத் தின்றபோதுதான் உறைத்தது.

ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கலர் அட்டை ஒன்று வாங்கினேன். சின்னச் சின்னக் கட்டமாக முப்பது நாற்பது கலர். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போய், "ஹாலுக்கு மட்டும் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வேலை முடிந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

மாமனார் வீடு அதியமான்கோட்டை பக்கம். தர்மபுரி போய் டவுன் பஸ் மாறிப் போகவேண்டும். பிரசவத்துக்கு அனுப்பிய பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறவனுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை தெரியுமா? ஏகப்பட்ட மரியாதை. அதுதான் தொந்தரவே. முன்னறையில் ஒரு நாற்காலி, அதற்கு நேராக டேபிள் ஃபேன். பக்கத்தில் மாமனார். அவர் அதிகம் பேசமாட்டார். லாரி ஒன்று ரோட்டில் போனால், "லோடு லாரி" என்பார். கோழி அடித்துக் குழம்பு வைப்பார்கள். நாலு மணிக்கு, "இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணுமில்லீங்களா மாப்ள" என்பார்கள். அதற்குள் அவளை நான் பார்ப்பது ரெண்டு தடவை. தண்ணீர்ச் செம்போடு வரும்போது ஒன்று, புறப்படும்போது கதவோரம் நிற்கையில் ஒன்று.

செம்போடு வந்தபோதே கேட்டுவிட்டேன். அட்டையை எடுத்து நீட்டி, "ஹாலுக்கு என்ன கலர்?" என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது. "வெள்ளதாங்க நல்லாருக்கும். வூடு வெளிச்சமா இருக்கும்."

மாமனார் அட்டையை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "பச்ச. கண்ணுக்குக் குளிர்ச்சிங்க."

"நீ சொல்லு" என்றேன் அவளிடம்.

அவள் அப்பாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "உங்க இஷ்டங்க" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். என் இஷ்டம் என்றால் அன்றைக்கு எதற்கு அந்தப் பேச்சை ஆரம்பித்தாள்? பெரியவர்கள் முன்னால் ஒரு பெண் வேறு என்ன சொல்வாள் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது பொறுமை கிடையாது. அவர்கள் என் மனைவியை என்னிடமிருந்து ஒளித்துவைத்திருப்பதாகவே பட்டது.

பிறகு ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டேன், அவள் பெயருக்கே. அன்றைக்கு பஸ் படியில் நீ சொல்ல வந்தது என்ன என்று கேட்டு, மூன்று வரி. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மாமனார் கையெழுத்து. "இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். வர்ணம் விஷயம் தங்கள் விருப்பப்படி செய்யவும்." அந்த வீட்டில் யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் அவர்தான் முதலில் பிரிப்பார் என்று எனக்குத் தெரியாமல் போனது. அதற்கப்புறம் நான் எழுதவில்லை. மாமனார் படிப்பார் என்றால் நான் என்னத்தை எழுதுவது?

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. ஆபீசுக்கே ஆள் அனுப்பிச் சொன்னார்கள். ஓடினேன். குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். ரெண்டு படி அரிசி கனம்கூட இல்லை. நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து மாமியார் உடனே வாங்கி, வெந்நீரில் துடைக்கத் தூக்கிக்கொண்டு போனார். கட்டிலில் அவள். அறையில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். ஏழு மாதத்தில் அப்படிக் கிடைத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"வூட்டுக்குக் கலர் அடிச்சாச்சுங்களா?" என்றாள்.

கேட்டிருக்கவேண்டியது நான். ஆனால் மூன்று மாதமாக ஒரு சுவரைக்கூடத் தொடவில்லை என்று சொல்ல வெட்கம். "நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சிட்டிருக்கேன்" என்று அடித்துவிட்டேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்படிங்களா?" என்றாள். அதற்குள் மாமியார் குழந்தையோடு வந்துவிட்டார். நான் முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பொய் சொல்லியாயிற்று, இனிக் கேட்கவும் முடியாது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நானாகத்தான் கண்டுபிடிக்கவேண்டும். மறு ஞாயிறு அவளுடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். திருட்டுத்தனமாக இருந்தது. என் பெண்டாட்டி பெட்டிதானே என்று சொல்லிக்கொண்டேன், அப்போதும் அப்படித்தான் இருந்தது.

புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஹாலில் பரப்பினேன். அரக்கு முகூர்த்தப் புடவை என் அண்ணி எடுத்தது. பச்சை அவள் அம்மா எடுத்தது. மஞ்சள் தீபாவளிக்கு நான் எடுத்தது. கடைக்கு அவளை அழைத்துப் போகாமல், வரும் வழியில் அவசரமாக எடுத்துக்கொண்டு வந்தேன். நீலம் வளைகாப்புக்கு அவள் பெரியம்மா எடுத்தது. எல்லாம் யாரோ எடுத்தது. அவளாக எடுத்தது எது என்று தேடினால் ஒன்றுகூட இல்லை. ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறேன், அவளுக்குப் பிடித்த கலர் எனக்குத் தெரியாது. கலர் என்ன, எதுவுமே தெரியாது. தெரிந்ததெல்லாம் குழம்பில் உப்பு எவ்வளவு போடுவாள் என்பதுதான். அந்தப் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அன்று அழுதேன். சொல்வதற்கென்ன, அழுதேன்தான்.

பெட்டியின் அடியில் ஒரு ஒயர்க் கூடை கிடந்தது. பாதி பின்னியிருந்தது. கத்திரிப்பூக் கலர் ஒயர், முழுக்க அதே கலர். அவள் மத்தியானங்களில் ஏதோ பின்னுவாள் என்று தெரியும், என்ன கலரில் என்று பார்த்ததில்லை. இதோ, யாரும் எடுத்துக் கொடுக்காமல் அவள் கையாலேயே செய்தது. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஹாலுக்கு மட்டும் கத்திரிப்பூ. இதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். அம்மா அப்பா முன்னால் இப்படியொரு கலரை வாயால் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள்.

பெயின்டர் ஆனி பிறந்துதான் கிடைத்தார். ஒல்லியான மனிதர். எதற்கும் தலையை ஆட்டிவிட்டுத்தான் பேசுவார். ஒயரில் ஒரு துண்டு வெட்டி அவரிடம் கொடுத்தேன்.

"ஹாலுக்கா சார் இது?"

"ஆமாம்."

"இந்த ஊர்ல யாரும் அடிச்சதில்லீங்க. இப்ப எல்லாரும் பிஸ்தாப் பச்சதான் அடிக்கறாங்க."

"அதனால என்ன? அடிங்க."

"அடிக்கறேன். எங்களுக்கு என்னங்க, நீங்கதான அதுக்குள்ள இருக்கப் போறீங்க."

ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் நீலம் கலந்த சுண்ணாம்பு. ஹாலுக்குச் சுண்ணாம்பில் இந்தக் கலர் வராது, ஆயில் பெயின்ட்தான் என்றார். "சின்னப் புள்ள வர்ற வூடு. நாளைக்கு சுவத்துல கிறுக்குனா ஈரத் துணியால தொடச்சிக்கலாம்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப் போயிற்று. என் மகள் அந்தச் சுவரில் கிறுக்குவதை அப்போதே பார்த்துவிட்டேன். நாலு சுவருக்கும் ரெண்டு கோட் அடிக்கச் சொன்னேன். ஒயர்த் துண்டை டப்பா விளிம்பில் வைத்து, வெள்ளையில் நீலமும் சிவப்பும் விட்டு, மூன்று தடவை கலக்கித்தான் அந்தக் கலர் வந்தது.

முடிந்ததும் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டுவதற்கு வேறு ஆள் ஏது? நடு ஹாலில் நின்று நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். "அட, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கலராச்சுங்களே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் மாதத்தில், ஆனி முடிவதற்குள் குழந்தையைக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. கொண்டுவருமுன் வீட்டை ஒருதரம் பார்த்துவிட்டு நாள் குறிக்க மாமனார் வந்தார். நான் அன்று லீவு போட்டு, தரையெல்லாம் கழுவிவிட்டு, கதவை அகலத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். அவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார். ரெண்டு தரம் மூச்சை இழுத்தார்.

"பெயின்ட்டுங்களா?"

"ஆமாங்க மாமா. ஆயில் பெயின்ட்டு. புள்ள கிறுக்குனாலும் தொடச்சிக்கலாம்."

அவர் செருப்பைக் கழற்றவே இல்லை. வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். "கலர் நல்லாத்தான் இருக்குதுங்க மாப்ள. வாட ஆவாதுங்களே. பச்சக் கொழந்த. மூச்சு முட்டிக்கும்."

"ரெண்டு நாள்ல போயிரும்ங்க மாமா."

"பகலெல்லாம் ஆபீஸ் போயிடறீங்க, வூட்ட அடச்சி வெச்சா வாட எங்கிட்டுங்க போவும்? இருக்கட்டும். அடுத்தாப்பல ஆடி வந்துருது. ஆடியில கூட்டி வரக் கூடாது. ஆவணில ஒரு நல்ல நாள் பாத்துக் கொண்டாந்து விட்டுடறோம்."

ஆபீஸில் தாசில்தாரிடமே குரலை உயர்த்துகிறவன் நான். மாமனாரிடம் "சரிங்க மாமா" என்றேன். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, பெயின்டர் விட்டுப்போயிருந்த பிரஷ்ஷை எடுத்துச் சுவரில் வீசினேன். சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. நல்ல பெயின்ட்.

அப்புறம் வாடையை விரட்டுகிற வேலை. எதிர்வீட்டு அக்கா சொன்னபடி வெங்காயத்தை ரெண்டாக வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டு, ஹாலின் நாலு மூலையிலும் வைத்தேன். சாம்பிராணி போட்டேன். வேப்பிலை கொளுத்தினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பெயின்ட் வாடையோடு வெங்காய வாடையும் சேர்ந்திருக்கும். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துப் போனேன். ஆடிக் காற்று புழுதியை வாரிக் கொண்டுவந்து கொட்டியது. தினமும் ஈரத் துணியால் சுவரைத் துடைத்தேன். குழந்தை கிறுக்காத சுவர்.

அந்த மாதத்தில்தான் கார்டு வந்தது. மாமனார் கையெழுத்துதான். "குழந்தை நேற்று குப்புற விழுந்தாள். அனைவருக்கும் சந்தோஷம்." இரண்டு வரி. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கத்திரிப்பூச் சுவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். சொன்னபடி ஆனியில் வந்திருந்தால் அவள் இந்தத் தரையில்தான் குப்புற விழுந்திருப்பாள், நான் பார்த்திருப்பேன். அவர்களுக்காகத்தான் அடித்தேன், அதனாலேயே அவர்கள் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்கு நான் சோறு வடிக்கவில்லை.

ஆவணியில் வந்தார்கள். ஆரத்தி எடுத்து உள்ளே வந்ததும் குழந்தைக்குக் கை நீட்டினேன். என்னைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வீறிட்டு அழுதாள். "புது ஆளு பாக்கறா" என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வீட்டில் நான் புது ஆள்.

மனைவி ஹாலைப் பார்த்தாள். நாலு சுவரையும் பார்த்தாள். ஒரு சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நல்லாருக்குங்க" என்றாள். நான் ஒரு வருஷம் அவளோடு இருந்தபோது கேட்டிராத மாதிரி ஒரு குரல் அது. அல்லது அப்போதெல்லாம் நான் காதில் வாங்கவில்லையோ என்னவோ.

மாமியார் மூன்று நாள் இருந்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழந்தை பாயில் குப்புறக் கிடந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி பெட்டியைத் திறந்து அந்த ஒயர்க் கூடையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எதிர்வூட்டு அக்கா இதக் கேட்டாங்களா?"

"அவங்க எதுக்குக் கேக்கணும்?"

"அவங்களுதுங்க. ஒயரு வாங்கிக் குடுத்து பின்னித் தரச் சொன்னாங்க. பாதியில போட்டுட்டுப் போயிட்டேன். பாவம், கேக்கவே இல்லையா?" கூடையை மடியில் வைத்துப் பின்ன ஆரம்பித்தாள். ஒரு வரிசை பின்னியதும் கை நின்றது. கூடையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "இதப் பாத்துட்டா அடிச்சீங்க?"

நான் தலையாட்டினேன். அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் தேவலை. கண் கலங்கிவிட்டது.

"அப்ப உனக்குப் பிடிச்ச கலர் எது? அன்னிக்கு பஸ் படியில, ஹாலுக்கு மட்டும்னு ஆரம்பிச்சயே. என்ன சொல்ல வந்த?"

மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ஹாலுக்கு மட்டும் அடிக்காதீங்க, நான் வந்தப்பறம் ரெண்டு பேருமா கடைக்குப் போயிப் பாத்து எடுக்கலாம்னு சொல்ல வந்தேங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணா எதுவுமே எடுத்ததில்லையே. கொழந்த பொறந்த அன்னிக்கு, நீ சொன்ன மாதிரியேன்னு சொன்னீங்க. அட, புரிஞ்சிக்கிட்டாருன்னு நெனச்சேன்."

ஹாலை மட்டும் விட்டு வைத்திருந்தால் வாடை இல்லை, ஆனியிலேயே வந்திருப்பார்கள்.

"முழுசாச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். அப்போதும் குறை அவள் மேல்தான். "ஜன்னல் வழியா ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"சொல்லலாம்னுதாங்க பாத்தேன். அம்மாவத் தள்ளி உக்காரச் சொல்லிட்டு ஜன்னலோரமாக்கூட வந்தேன்." கூடையின் ஒயரை இழுத்து முடிச்சுப் போட்டாள். "டிரைவரு டீ குடிக்கப் போயி, வண்டி எடுக்க அரை மணி நேரம் ஆச்சு. நீங்க அதுக்குள்ள போயிட்டீங்க."

ஆபீஸில் அன்றைக்கு எனக்கு அவசர வேலை எதுவும் இருக்கவில்லை.